முப்பத்தைந்தைத் தாண்டாதே

ராமநாதபுரம்
28.4.1966

அன்பு மாப்பிள்ளை பாக்கருக்கு,

மருதுபாண்டி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் உயிரோடும் வேர்வையோடும் இருக்கிறோம். கத்திரி பிறக்க இன்னும் ஆறு நாள் இருக்கும்போதே பட்டறைத் தகரத்தில் அப்பளம் பொரிக்கலாம் போலிருக்கிறது. குவைத்தில் இதைவிட மோசம் என்று நீ எழுதியிருந்தாய். அந்தப் பெருமையை நீயே வைத்துக்கொள்.

முதலில் நீ கேட்ட செய்தி. வெள்ளிக்கிழமை கீழக்கரைக்குப் போய் மஜீதாவைப் பார்த்தேன். முகம் தெளிவாக இருக்கிறது. கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. என்னைக் கண்டதும், "என்னண்ணே, ஒங்க மாப்பிள்ளைக்கு என்னயப் பத்திக் கோள் எழுத வந்தீங்களா" என்று சிரித்தது. டாக்டரம்மா சொன்னதை உன் மாமியார்தான் தனியே கூப்பிட்டுச் சொன்னார்கள். மஜீதாவுக்கு இடுப்பெலும்பு குறுகலாக இருக்கிறதாம். போன தடவை மாதிரி வீட்டிலேயே இரண்டு நாள் வலியோடு போட்டுவைத்தால் பிள்ளையும் தங்காது, தாயும் தங்காதாம். வலி எடுத்த உடனே மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும். மாதக் கணக்குப்படி பிரசவம் மே கடைசியில் இருக்கும் என்கிறார்கள். முன்கூட்டியே மதுரையில் போய்த் தங்கலாமே என்றேன். வலி வராமல் பெரியாஸ்பத்திரியில் படுக்கை தரமாட்டார்களாம், வெளியே தங்க அங்கே மனுஷரும் இல்லையாம். ஒரு கார் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆகையால் நீ கவலைப்படாதே.

இனி தொழில் விஷயம். உன்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? அமெரிக்கக் காராகவே பழுது பார்க்கிற கம்பெனியில் இருக்கிறாய்.

இங்கே ஒரு அமெரிக்கக் கார் வந்திருக்கிறது. ஹாங்காங்கிலிருந்து கப்பலில் வந்த வண்டி. ஸ்டீரிங் இடப்பக்கம், உள்ளே குளிர்ச்சிக்கு மிஷின், கட்டில் மாதிரி சீட். நெடுந்தூரப் பயணத்துக்கு முன்னால் ஒரு தரம் பார்த்துவிடச் சொல்லி, இங்குள்ள ஒரு மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறார்கள். அவன் வழக்கம்போல பானெட்டைத் தூக்கியதும் ஃபேனைக் கையால் சுண்டிப் பார்த்திருக்கிறான். நமக்குத் தெரியும், பெல்ட் இறுக்கமாக இருந்தால் ஃபேன் அசையக் கூடாது. இது, தண்ணீருக்குள் துடுப்பு திரும்புகிற மாதிரி மந்தமாகத் திரும்பியது. பெல்ட்டும் சரி, பம்ப்பும் சரி. ஃபேனுக்கு நடுவில் மட்டும் அலுமினியத்தில் தட்டையாக ஒரு சம்புடம். லூஸ் அதற்குள்தான் என்று நினைத்துத் திறந்துவிட்டான். உள்ளே நிறமே இல்லாமல், தேன் பதத்தில் ஒரு எண்ணெய் இருந்தது. பழைய கிரீஸ்தான் இப்படிக் கெட்டுப் பிசினாகிவிட்டது என்று முடிவு கட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிப் பளிச்சென்று கழுவிவிட்டான். திறந்ததைக் கழுவாமல் மூடாதே என்று நம் பஸ் கம்பெனி மேஸ்திரி ஸ்பானரால் அடித்துச் சொன்னது உனக்கும் ஞாபகம் இருக்கும். கழுவிய பிறகு மெஷின் ஆயில் ஊற்றினால் ஃபேன் சும்மா நிற்கிறது. கிரீஸ் வைத்தால் விட்டு விட்டுப் பிடிக்கிறது. கடைசியில் விளக்கெண்ணெய் ஊற்றி மூடினான். காலையில் ஓட்டிப் பார்த்தால் என்ன காற்று, என்ன காற்று. அவனுக்குத் தன் மூளையை நினைத்து ஒரே சந்தோஷம்.

மறுநாள் மத்தியானம் உப்பூர் வரை ஓட்டிப் போய்த் திரும்பும்போது, தேவிபட்டினம் முக்கில் உப்பு வண்டிகளுக்காக ஐந்து நிமிஷம் நிற்க வேண்டியிருந்தது. சூட்டு முள் சிவப்புக்குப் போய்விட்டது. வண்டி முதலாளி கேட்டதற்கு, இந்தக் கோடை வெயிலில் எல்லா வண்டிக்கும் இப்படித்தான் என்று சொல்லியிருக்கிறான். அவரும் நம்பிவிட்டார்.

அது என்ன எண்ணெய்? வண்டியைச் செய்தவன் ஏன் அதை அப்படி வைத்திருக்கிறான்? வேறு எதை ஊற்றினால் நிற்கும்? விவரமாக எழுது. அந்த வண்டிக்கு இந்த மே மாதத்தில் ஒரு அவசரப் பயணம் காத்திருக்கிறது. யாருக்கு என்று கேட்காதே. பானெட்டை மூடியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தபால் கண்டதும் பதில் போடு.

இப்படிக்கு,
மருதுபாண்டி


குவைத்
9.5.1966

786

பிரியமுள்ள மச்சான் மருதுபாண்டிக்கு பாக்கர் ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. அல்லாஹ் கிருபையால் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் முந்தாநாள் கிடைத்தது.

யாரோ ஒரு மெக்கானிக் என்று எழுதியிருந்தாய். அந்த யாரோவின் முட்டாள்தனம் எனக்கு ரொம்பப் பழக்கமானதாக இருந்தது மச்சான். மண்ணெண்ணெய் என்று படித்ததுமே ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். மேஸ்திரி மேல் பழியைப் போடாதே. கோபித்துக்கொள்ளவும் செய்யாதே. இங்கே வந்த முதல் மாதம் நானும் அதே சம்புடத்தைப் பார்த்து, லூஸ் என்று திறக்கப் போனேன். பக்கத்திலிருந்த பாலஸ்தீனத்துக்காரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். உன் பக்கத்தில் அன்று யாரும் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கேட்டுக்கொள். அந்த லூஸ் நோயில்லை. வேண்டுமென்றே வைத்தது. நம் ஊர் வண்டியில் ஃபேன் இன்ஜினோடு கட்டிப்போட்ட மாடு. குளிரோ சூடோ, வேண்டுமோ வேண்டாமோ, இன்ஜின் ஓடுகிற வேகத்துக்கெல்லாம் அதுவும் ஓடவேண்டும். வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே போதும், ஃபேன் தேவையில்லை. ஆனாலும் சுற்றி இன்ஜின் பலத்தைத் தின்னும், இரைச்சலும் போடும். அதனால் இந்த அமெரிக்கக்காரன் நடுவில் அந்தச் சம்புடத்தை வைத்தான். உள்ளே ஒரு தட்டு. அது இன்ஜினோடு சுற்றும். ஃபேன், சம்புடத்தின் கூட்டில் மாட்டியிருக்கும். தட்டுக்கும் கூட்டுக்கும் ஒட்டுறவே கிடையாது, இடையில் மயிரிழை இடைவெளி. இரண்டையும் சேர்ப்பது அந்த எண்ணெய் ஒன்றுதான். வெல்லப்பாகு முறுகும்போது அகப்பையால் வேகமாகக் கிண்டினால் சட்டியும் கூடவே திரும்பப் பார்க்கும் இல்லையா, அதே சங்கதி. தட்டு எண்ணெயை இழுக்கும், எண்ணெய் கூட்டை இழுக்கும், ஃபேன் சுற்றும்.

முன்பக்கம் கடிகாரச் சுருள் மாதிரி ஒன்று இருக்குமே, அதைக் கவனித்தாயா? ரேடியேட்டரிலிருந்து வருகிற காற்று சுட்டால் அது முறுக்கிக்கொண்டு உள்ளே ஒரு சின்னக் கதவைத் திறக்கும். ஓரமாக ஒதுங்கியிருந்த எண்ணெய் தட்டுக்கு வரும், ஃபேன் வேகம் பிடிக்கும். காற்று ஆறினால் கதவு மூடிவிடும், எண்ணெய் தன் அறைக்கே திரும்பிப் போகும், ஃபேன் சோம்பலாகச் சுற்றும். நீ சுண்டிப் பார்த்தது ஆறிப்போன இன்ஜினை. அது மந்தமாகத் திரும்பியதுதான் சரி.

அந்த எண்ணெய்க்கு சிலிக்கோன் என்று பேர். எவ்வளவு சுட்டாலும் அதிகம் இளகாது. விளக்கெண்ணெய் காலையில் கூழ், மத்தியானம் தண்ணீர். ஆகையால் உன் ஃபேன் தேவையில்லாத காலையில் பிரமாதமாகச் சுற்றும், உயிர் போகிற மத்தியானத்தில் நின்றுவிடும். ஓடுகிற வரை எதிர்க்காற்றில் தப்பிக்கும். ரயில்வே கேட்டிலோ சந்தைக் கூட்டத்திலோ பத்து நிமிஷம் நின்றால் தண்ணீர் கொதிக்கும். அதற்கு மேலும் ஓட்டினால் இன்ஜின் போச்சு. யாருக்கு அவசரம் என்று நான் கேட்கவில்லை. யாராக இருந்தாலும் அந்த வண்டியில் ஏற்றாதே. முதலாளியிடம் போய் உண்மையைச் சொல். நான் எண்ணெய் வாங்கி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து விடுகிறேன். இரண்டு மாதமாவது ஆகும்.

வேறு வழியே இல்லையென்றால் ஒன்று செய்யலாம். தட்டையும் கூட்டையும் சேர்த்துத் துளையிட்டு நாலு போல்ட் போட்டு முடுக்கிவிடு. ஃபேன் கட்டிப்போட்ட மாடாகிவிடும், காற்று நிச்சயம் வரும். ஆனால் இந்த ஃபேன் பெரிசு. முழு வேகத்தில் சுற்றுவதற்கென்று செய்ததில்லை. போல்ட் ஒன்றுக்கொன்று எடை பிசகினாலும் ஆட்டம் கொடுக்கும். இப்படிக் கட்டிய ஒரு வண்டியில் இறக்கை ஒடிந்து பானெட்டைக் கிழித்துக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஆகையால் முப்பத்தைந்து மைலைத் தாண்டாதே. முப்பத்தைந்து என்பது நான் குத்துமதிப்பாகச் சொல்வதுதான். ஆனாலும் தாண்டாதே.

இப்போது என் சொந்த விஷயம். மஜீதாவைப் பற்றி நீ எழுதியதைப் பத்து தடவை படித்தேன். அந்தக் குறுகல் விஷயத்தை வீட்டிலிருந்து யாரும் எனக்கு எழுதவில்லை. போன தடவை பிள்ளை இறந்து பதினேழாம் நாள்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கும் இங்கே ஒரு வண்டிக்கடியில் படுத்துக்கொண்டுதான் இருந்தேன். மாமி எழுதிய கடிதத்தில், ஊருக்கே அண்ணன் மாதிரி இருக்கிற சதக் காக்கா வீட்டு வண்டியைப் பேசியிருப்பதாக இருந்தது. அவர்களுடையது அந்தப் பழைய கறுப்பு வண்டிதானே? கட்டை வண்டி, ஆனால் கெட்டி. அதை ஒரு தரம் உன் கையால் பார்த்துவிடு மச்சான். நீ பார்த்துவிட்டாய் என்று தெரிந்தால் எனக்குத் தூக்கம் வரும்.

துஆவுடன்,
பாக்கர்


மதுரை
22.5.1966, ஞாயிறு

மாப்பிள்ளை பாக்கருக்கு,

மஜீதா பிழைத்துவிட்டது. இதை முதல் வரியில் எழுதிவிட்டேன், நீ மூச்சு விட்டுக்கொள். உனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். அவளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் நான் சொல்ல வேண்டியதைக் கடைசிவரை படி.

சதக் காக்கா அந்தக் கறுப்பு வண்டியை மாசி மாதமே விற்றுவிட்டார். ஹாங்காங்கிலிருந்து அவர் மகன் அனுப்பியதுதான் அந்த அமெரிக்க வண்டி. நான் எண்ணெயைக் கழுவிய வண்டியும், மஜீதாவுக்குச் சொல்லிவைத்த வண்டியும் ஒன்றேதான். முதல் கடிதம் எழுதும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் மறைத்தேன். சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று அப்போது எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. மருதுபாண்டி கை வைத்தால் தப்பாது என்று இந்தச் சீமையில் ஒரு பேச்சு இருக்கிறது. அது போய்விடுமே என்கிற பயம் மறுபாதி.

உன் பதில் புதன்கிழமை காலையில் வந்தது. தபாலாபீஸ் வாசலில் நின்றே படித்தேன். உன் கையால் பார்த்துவிடு என்ற இடம் வந்தபோது அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த பஸ்ஸில் கீழக்கரைக்குப் போனேன். காக்கா மெட்ராஸ் போயிருந்தார். டிரைவரிடம் ஒரு வேலை பாக்கி என்று பொய் சொல்லி வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். துளை போட்டு நாலு போல்ட் எடுத்தேன். நீ எடை என்று எழுதியிருந்தாயே, அதற்காகப் பத்தர் கடைக்குப் போய், தங்கம் நிறுக்கிற தராசில் ஒவ்வொரு போல்ட்டாக வைத்து அரம் போட்டு அரம் போட்டு நாலையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்தேன். பத்தர், "யாருக்குண்ணே மூக்குத்தி" என்று கேட்டார். சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன். இரைச்சல் காது கிழிந்தது, முள் நடுவை விட்டு அசையவில்லை. ஆனாலும் இந்த வண்டி வேண்டாம், மாதக் கடைசிக்குள் வேறு ஏதாவது பேசிவிடலாம் என்றுதான் இருந்தேன். பதிமூன்று நாள் இருக்கிறதே.

அதற்கு மறுநாள், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வலி எடுத்துவிட்டது. காக்கா வீட்டிலிருந்து பட்டறைக்கு எதிர்க்கடைக்குப் போன் வந்தது. டாக்ஸி ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஒரு வண்டி கல்யாணத்துக்குத் திருச்செந்தூர் போயிருக்கிறது, இன்னொன்று டயர் இல்லாமல் முட்டுக்கட்டை மேல் நிற்கிறது. காலை ரயில் போய்விட்டது, அடுத்தது சாயங்காலம்தான். நானே அந்த வண்டியை எடுத்துக்கொண்டு கீழக்கரைக்குப் போனேன். அங்கே வந்து ஏறிய டிரைவரை வேண்டாம் என்று இறக்கிவிட்டேன். அவன் அறுபதில் மிதிக்கிறவன்.

பின் சீட்டில் மஜீதாவும் உன் மாமியாரும். நான் முப்பத்தைந்தில் வைத்த காலை எடுக்கவில்லை. சத்திரக்குடி தாண்டியதும் மஜீதாவுக்கு வலி அதிகமானது. உன் மாமியார், "வெரசாப் போங்க தம்பி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார்கள். பரமக்குடி வருவதற்குள் அதையே அழுதுகொண்டு கேட்டார்கள். கறிகாய் ஏற்றிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. மாப்பிள்ளை, அந்த இரண்டரை மணி நேரமும் எனக்கிருந்த பயத்தை எந்த ஜென்மத்திலும் யாருக்கும் வேண்டமாட்டேன். மிதித்தால் இறக்கை ஒடிந்து நடுக்காட்டில் நிற்போம். மிதிக்காவிட்டால் பின்னால் ஒரு உயிரோ இரண்டு உயிரோ போகும். இரண்டுக்கும் நான்தான் காரணம்.

என்னால் அடக்க முடியவில்லை. ஓட்டிக்கொண்டே சொல்லிவிட்டேன். நான்தான் கெடுத்தேன், நான்தான் போல்ட் போட்டேன், முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது என்று உங்கள் மருமகன் கடிதம் எழுதியிருக்கிறான், சட்டைப் பையில் இருக்கிறது என்று. உன் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்கள். மஜீதா அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது. படித்ததா, வெறுமனே பிடித்துக்கொண்டிருந்ததா, எனக்குத் தெரியாது. "உம்மா, சும்மா இருங்க. அவுக சொன்ன வேகத்துலயே போகட்டும்" என்று மட்டும் சொன்னது.

பார்த்திபனூருக்கு அப்பால் பின்னாலிருந்து சத்தமே இல்லாமல் போய்விட்டது. திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு மிதித்துவிட்டேன். நாற்பத்திரண்டு வந்தது. வண்டியின் மூக்கு நடுங்கியது, ஸ்டீரிங் கையில் நிற்கவில்லை, உள்ளே உலோகம் அழுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. காலை எடுத்துவிட்டேன். மானாமதுரையில் கேட் அடைத்திருந்தது. எட்டு நிமிஷம் நின்றோம். விளக்கெண்ணெயோடு வந்திருந்தால் எங்கள் பயணம் அந்த இடத்தோடு முடிந்திருக்கும். முள் நடுவிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த உடனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மஜீதாவுக்கு இன்றைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, கஞ்சி குடித்தது. உன் மகள் பிறந்தபோது அழவில்லை. நெடுநேரம் கழித்துப் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். மூக்கில் குழாய் வைத்துத் தனியே படுக்க வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு நாலாம் நாள். காலையில் பஞ்சில் தொட்டு வைத்த பாலில் நாலு சொட்டு உள்ளே போயிருக்கிறது. ஏழு நாள் தாண்டட்டும், அப்புறம் பேசலாம் என்கிறார் டாக்டர். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நெற்றி உன்னுடையது.

காக்கா நேற்று மெட்ராஸிலிருந்து நேரே இங்கே வந்தார். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "வண்டி கெடக்கட்டும் தம்பி, புள்ள பால் குடிச்சுச்சா" என்று கேட்டார். திட்டியிருக்கலாம்.

இனி நான் எழுத வந்தது. டாக்டர் உன் மாமியாரிடம், அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிள்ளை இவ்வளவு சோர்ந்திருக்காது என்று சொல்லிவிட்டார். உன் மாமியார் அதை ஆள் வைத்து உனக்கு எழுதி நேற்றே தபாலில் போட்டுவிட்டார்கள். அது இந்தக் கடிதத்துக்கு முன்னால் உன் கைக்கு வரும். உன்னை எனக்குத் தெரியும். முப்பத்தைந்து என்று ஏன் எழுதினேன், நாற்பத்தைந்து என்று எழுதியிருந்தால் என்ன என்று, வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு நாள் முழுக்க அதையே நினைப்பாய். நினைக்காதே மாப்பிள்ளை. நாற்பத்திரண்டில் அது நடுங்கியதை என் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தவன் சொல்கிறேன், நீ எழுதியது சரி. நீ எழுதியதால்தான் வந்து சேர்ந்தோம். அந்த அரை மணி நேரம் என்னுடையது. அதில் ஒரு நிமிஷத்தைக்கூட நீ எடுத்துக்கொள்ளக் கூடாது.

நீ கும்பிடுகிற அல்லாஹ்விடம் நீ கேள். நான் கும்பிடுகிற மாரியாத்தாளிடம் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னைத் திட்டியாவது நாலு வரி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. ஏழாம் நாள் வரைக்கும் நான் இந்த வராந்தாவை விட்டு நகரமாட்டேன்.

கீழே என் பெயரோடு, உன் மகளுக்கு மாமன் என்று சேர்த்து எழுத ஆசையாக இருக்கிறது. எழுதலாமா என்று நீ சொன்ன பிறகு எழுதுகிறேன்.

மருதுபாண்டி